அலாய் வீலுக்கு உரிக்கிற ரப்பர் பெயின்ட்: பிரேக் தூசித் தொல்லை தீருமா?

மேட்டுப்பாளையம்_ரோடு, கோவை
ஜனவரி 11, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். என் கார் ஐந்து வருடம் ஓடிய ஹாட்ச்பேக், 15 இன்ச் சில்வர் அலாய் வீல். வேலை விஷயமாக வாரம் மூன்று நாள் கோத்தகிரி ஏறி இறங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷாம்பூ போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி வைத்தால், புதன்கிழமைக்குள் முன்சக்கரங்களில் காப்பிப் பொடி தூவினது போல ஆகிவிடுகிறது. தொட்டால் விரல் கறுப்பாகிறது. ஸ்போக் சேரும் மூலைகளில் செம்பழுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன, என்ன தேய்த்தும் போகவில்லை. அதிலும் இடப்பக்க முன்சக்கரம் ரொம்ப மோசம்.

உரித்து எடுக்கிற ரப்பர் பெயின்ட் பற்றிப் பெயின்ட் கடைக்காரர் சொன்னார். ஸ்பிரே டப்பாவில் வருகிறது, காய்ந்தால் ரப்பர் தோல் மாதிரி பிடித்துக்கொள்ளும், வேண்டாம் என்றால் உரித்துவிடலாம் என்றார். மேட் கறுப்பில் நான்கு சக்கரத்துக்கும் அடித்துவிட்டால் தூசி கண்ணுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது இந்த ரப்பர் உருகாதா? எத்தனை டப்பா வாங்க வேண்டும்? அடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளைத்துணி, சென்னை
ஜனவரி 11, இரவு 10.05

நான் கார் டீட்டெய்லிங் (வண்டியை நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும்) தொழிலில் இருக்கிறேன். இந்தப் பெயின்ட்டை நிறைய சக்கரங்களுக்கு அடித்திருக்கிறேன், உரித்தும் இருக்கிறேன். இதில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் பிளாஸ்டி டிப். அமெரிக்காவின் மினசோட்டாக்காரர்களின் சரக்கு, 1972 முதல் இருக்கிறது. முதலில் பிளையர், திருப்புளி மாதிரி கருவிகளின் கைப்பிடியை முக்கி எடுத்து ரப்பர் உறை போடத்தான் வந்தது. சக்கரத்துக்கு அடிக்கிற பழக்கம் வெகு காலம் கழித்து வந்தது. காய்ந்த பூச்சு மைனஸ் 34 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்பது அவர்கள் கொடுக்கும் அளவு. ஊருக்குள் ஓட்டினால் சக்கரத்தின் முகப்பு அந்தச் சூட்டை எட்டாது. டிஸ்க்கோ (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) காலிப்பரோ (அதைப் பிடிக்கும் கவ்வி) வேறு கதை, அவற்றின் மேல் இதை ஒருபோதும் அடிக்கக் கூடாது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது தூசியைத் தடுக்காது. தூசிக்கும் அலாய்க்கும் நடுவில் ஒரு தோலாக நிற்கும், அவ்வளவுதான். மேட் பூச்சு கொஞ்சம் சொரசொரப்பானது என்பதால் தூசி இன்னும் நன்றாகவே உட்காரும். கழுவுகிற வேலை உங்களை விட்டுப் போகாது.

நெல்லைச்_சாலை, திருநெல்வேலி
ஜனவரி 12, காலை 7.30

ரப்பர் பெயின்ட்டுக்குப் பதில் பவுடர் கோட்டிங் செய்துவிடுங்கள். டயரைக் கழற்றி, பழைய பெயின்ட்டை எடுத்து, பவுடர் தூவி, அடுப்பில் சுமார் 200 டிகிரியில் வேக வைப்பார்கள். கல் பட்டாலும் பெயராது. பெட்ரோல் சிந்தினாலும் ஒன்றும் ஆகாது. எங்கள் வீட்டுக் காரின் ஸ்டீல் ரிம்முக்குச் செய்து நான்கு வருடமாகிறது, இன்னும் புதிதாகவே இருக்கிறது. உரிகிற பெயின்ட் உரியத்தான் செய்யும்.

வெள்ளைத்துணி
ஜனவரி 12, காலை 8.10

ஸ்டீல் ரிம்முக்கு உங்கள் யோசனைதான் சரி, மறுக்கவில்லை. அலாய்க்கு அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். அலாய் வார்ப்பின் பலம் அதைப் பதப்படுத்திய சூட்டில் இருக்கிறது. அடுப்பின் சூடும் நேரமும் கட்டுக்குள் இல்லாத பட்டறையில் கொடுத்தால் உலோகம் பலம் குறையலாம். அலாய் வேலை தெரிந்த இடம் என்றால் செய்யுங்கள். ஆனால் நண்பர் கேட்பது பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றிக்கொள்ளக்கூடிய பூச்சு. பவுடர் கோட்டிங்கில் அது முடியாது.

பிரேக்_பட்டறை, சேலம்
ஜனவரி 12, மதியம் 1.45

தம்பி, பெயின்ட்டைக் கொஞ்சம் ஒத்திப் போடுங்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

> இடப்பக்க முன்சக்கரம் ரொம்ப மோசம்.

ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரமும் ஒரே அளவு தூசி கொட்ட வேண்டும். ஒன்று மட்டும் அதிகமாகக் கொட்டினால், அந்தப் பக்கத்துப் பேட் (டிஸ்க்கை அழுத்தும் உராய்வுக் கட்டை) டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே ஓடுகிறதோ என்று முதலில் பார்க்க வேண்டும். உங்கள் காரில் இருப்பது மிதக்கும் காலிப்பர். உள்பக்கத்தில் மட்டும் பிஸ்டன் இருக்கும். அது உள்பேடைத் தள்ளியதும், காலிப்பரே இரண்டு வழுக்கு பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பேடை இழுத்து அழுத்தும். அந்தப் பின்னில் கிரீஸ் காய்ந்து துரு பிடித்தால் காலிப்பர் போன இடத்திலேயே நின்றுவிடும். காலை எடுத்த பிறகும் பேட் தேய்ந்துகொண்டே இருக்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். சமதளத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக் தொடாமல் ஓட்டி நிறுத்துங்கள். இரண்டு முன்சக்கரத்துக்கும் அருகே உள்ளங்கையைக் காட்டுங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள். ஒரு பக்கம் அனல் அடித்து மறுபக்கம் சாதாரணமாக இருந்தால் விஷயம் புரிந்துவிடும். ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும்.

உங்கள் பாதையைப் பற்றியும் ஒரு கணக்கு. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஆளோடு சேர்த்து 1,300 கிலோ வண்டி அந்த உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தி ஏறக்குறைய 19 மெகாஜூல். வீட்டு மீட்டர் கணக்கில் ஐந்து யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் கரண்ட். எஞ்சின், காற்று, டயர் எல்லாம் வாங்கியது போக மீதி முழுவதும் டிஸ்க்கில்தான் சூடாக மாற வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரிலேயே இறங்கினால் எஞ்சின் பெரும் பங்கை வாங்கிக்கொள்ளும். அப்படி இறங்குகிறீர்களா? பதில் சொல்லுங்கள். பேட் தடிமனையும் அளந்து எழுதுங்கள்.

புதுவண்டி, மதுரை
ஜனவரி 12, மாலை 6.00

எனக்கு ஒரு சந்தேகம் அண்ணா. என் காரில் முன்சக்கரம் மட்டும்தான் அழுக்காகிறது, பின்சக்கரம் வாரக் கணக்கில் சுத்தமாக இருக்கிறது. பின் பிரேக் வேலை செய்யவில்லையா?

பிரேக்_பட்டறை
ஜனவரி 12, மாலை 6.25

பயப்பட வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, அதனால் வேலையில் பெரும் பங்கு முன்பிரேக்குக்கு. அதோடு உங்கள் காரில் பின்னால் டிரம், அதாவது மூடிய உருளை பிரேக் இருக்கும். டிரம்மில் தேய்கிற தூள் உள்ளேயே தங்கிவிடும். அதைச் சுத்தம் செய்யும்போது காற்றுக் குழாயால் ஊதாதீர்கள், வாயால் ஊதவே ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். தண்ணீர் தெளித்து நனைத்துத் துணியால் துடையுங்கள். நான் தொழில் கற்ற காலத்தில் எல்லாரும் காற்றடித்துத்தான் சுத்தம் செய்தோம். அதை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது.

மேட்டுப்பாளையம்_ரோடு
ஜனவரி 18, இரவு 8.50

பிரேக்_பட்டறை அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவிநாசி ரோட்டில் அதிகாலையில் ஓட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் இளஞ்சூடு, இடப்பக்கம் கையைக் கிட்டே வைக்க முடியவில்லை. தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கழற்றச் சொன்னேன். இடப்பக்கம் உள்பேட் 3 மில்லிமீட்டர், வெளிப்பேட் 7. வலப்பக்கம் இரண்டுமே 7. கீழ்ப் பின் சுத்தியலால் தட்டித்தான் வந்தது, மேலெல்லாம் துரு.

போன வருடம் ஒரு இடத்தில் சர்வீஸ் விட்டபோது பிரேக் முழுவதும் பார்த்தாயிற்று என்று பில்லில் எழுதிக் கொடுத்தார்கள். பின்னைத் தொட்டே இருக்க மாட்டார்கள் என்று இப்போது புரிகிறது. வழுக்கு பின், அதை மூடும் ரப்பர் பூட் இரண்டையும் மாற்றி, சிலிக்கோன் கிரீஸ் போட்டு, முன்னால் நான்கு பேடும் புதிதாகப் போட்டாயிற்று. நீங்கள் கேட்டதற்கும் பதில்: நான் மூன்றாவது கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் இறங்கிக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டாவதில் இறங்குகிறேன். மனைவியும் குழந்தையும் பல முறை இதே காரில் வந்திருக்கிறார்கள் என்பதை நினைத்து இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

பிரேக்_பட்டறை
ஜனவரி 18, இரவு 9.15

நல்ல வேளை. சிலிக்கோன் கிரீஸ் போட்டது சரி, சாதாரண கிரீஸ் அந்த ரப்பர் பூட்டை ஊதவைத்துக் கெடுத்துவிடும். புதுப் பேட் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்குப் படியும்வரை தூசி கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இரும்புத்தூள், ஸ்டுட்கார்ட்
ஜனவரி 19, அதிகாலை 2.10

இங்கே ஜெர்மனியில் வாகன உதிரிபாகச் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அந்தச் செம்பழுப்புப் புள்ளி ஏன் போகமாட்டேன் என்கிறது என்று யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பிரேக் தூசி என்றால் பேட் தேய்ந்த தூள் என்று மட்டும் நினைக்கிறோம். அதில் பெரும் பகுதி டிஸ்க்கிலிருந்து வந்த இரும்பு. டிஸ்க் சாம்பல் நிற வார்ப்பிரும்பு. உராயும் இடத்தில் பிய்ந்து வரும் நுண்துகள் சூடாகப் பறந்து போய்ச் சக்கரத்தின் கிளியர் கோட்டில் (பெயின்ட்டின் மேல் இருக்கும் நிறமற்ற காப்புப் பூச்சு) குத்தி உட்காருகிறது. மழையும் பனி ஈரமும் பட்டால் உட்கார்ந்த இடத்திலேயே துருப்பிடிக்கிறது. துரு பருமனில் பெரிதாகும், அதனால் சுற்றியுள்ள கிளியர் கோட் வெடிக்கிறது. ஆக நீங்கள் பார்க்கிற புள்ளி மேலே படிந்த அழுக்கு இல்லை, உள்ளே வேர் விட்ட துரு. ஷாம்பூவால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

பேட் வகையும் முக்கியம். ஐரோப்பியக் கார்களில் அதிகம் வருவது எஃகு இழை கலந்த பேட். பிடிப்பு நன்றாக இருக்கும், டிஸ்க்கையும் சேர்த்துத் தேய்க்கும், தூசி அதிகம். ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் எஃகு சேராத கலவை, தூசி குறைவு. செராமிக் என்று விற்பவற்றில் தூசி வெளிர்நிறமாகவும் ஒட்டாமலும் இருக்கும்.

இங்கே இதை வெறும் அழுக்காகப் பார்ப்பதில்லை, நுரையீரல் விஷயமாகப் பார்க்கிறார்கள். 2024-இல் நிறைவேறிய ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோ 7 மாசு விதி, புகைக்குழாயோடு பிரேக்கிலிருந்து வரும் துகளுக்கும் முதன்முறையாக வரம்பு வைத்திருக்கிறது. பெட்ரோல், டீசல், ஹைப்ரிட் கார் என்றால் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்சாரக் கார் என்றால் 3. மின்சாரக் காரில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்குச் சக்தியைத் திருப்பிவிடுவதால் பேடுக்கு வேலை குறைவு. என் சக ஊழியரின் மின்சாரக் காரைப் பார்க்கிறேன், மாதக்கணக்கில் வீல் சுத்தமாகவே இருக்கிறது.

நெல்லைச்_சாலை
ஜனவரி 19, காலை 7.00

அப்படியானால் செராமிக் பேட் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்ததே?

பிரேக்_பட்டறை
ஜனவரி 19, காலை 9.30

ஊருக்குள் மட்டும் ஓடுகிற வண்டிக்குச் சரி என்பேன். மலை இறங்குகிற வண்டிக்குத் தூசியை மனதில் வைத்துப் பேட் தேர்ந்தெடுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மாடலுக்கென்று தயாரிப்பாளர் ஒப்புதல் கொடுத்த பேடைத்தான் போட வேண்டும். செராமிக் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதெல்லாம் ஒரே தரம் இல்லை. சில கலவை குளிர்ந்த நிலையில் முதல் மிதிப்பில் மந்தமாக இருக்கும், சிலது சூடு ஏறினால் விட்டுக்கொடுக்கும். துடைக்கிற வேலை வேண்டாம் என்று பிடிப்பில் ஒரு அடி விட்டுக்கொடுத்தாலும் கொண்டை ஊசி வளைவில் அந்த ஒரு அடி தேவைப்படும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன், தம்பி. பெயின்ட் அடிப்பது உங்கள் விருப்பம். ஆனால் கறுப்பு வேண்டாம். உங்கள் காலிப்பர் கெட்டதை உங்களுக்குக் காட்டிக் கொடுத்தது சில்வர் வீல். நான்கும் மேட் கறுப்பாக இருந்திருந்தால் இடது வலது வித்தியாசம் உங்கள் கண்ணில் பட்டிருக்காது, பேட் இரும்புத் தகடுவரை தேய்ந்து கிறீச்சிட்ட பிறகுதான் தெரிந்திருக்கும். தூசி தெரிகிற நிறமாகப் பாருங்கள்.

வெள்ளைத்துணி
ஜனவரி 19, காலை 10.45

இத்தனை வருடத் தொழிலில் இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. வாடிக்கையாளர் கறுப்பு கேட்டால் கறுப்பு அடித்துக் கொடுத்திருக்கிறேன். பட்டறைக்காரர் சொல்வது நியாயம். கன்மெட்டல் கிரே என்று ஒரு நிறம் வருகிறது. அன்றாடத் தூசி கண்ணை உறுத்தாது, ஒரு பக்கம் மட்டும் அதிகமானால் தெரிந்துவிடும். நண்பருக்கு அதைத்தான் சொல்வேன்.

இப்போது வேலை முறை. பெயின்ட்டுக்கு முன் அந்த இரும்பை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் துருவை உள்ளே வைத்து மூடியது போலாகும். இரும்பு நீக்கி என்று ஒரு திரவம் இருக்கிறது, தையோகிளைக்கோலேட் உப்புச் சேர்ந்தது. சக்கரம் குளிர்ந்திருக்கும்போது நிழலில் அடித்தால் நான்கைந்து நிமிடத்தில் இரும்பைக் கரைத்து ஊதா நிறமாக வடியும். வாடை தூக்கலாக இருக்கும், முடி சுருட்டும் மருந்தில் வருகிற அதே வாடை. கையுறை போடுங்கள். காயவிடாமல் கழுவிவிடுங்கள். பழைய புள்ளிகளுக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டி வரும். அமிலம் சேர்ந்த வீல் கிளீனர் வேண்டவே வேண்டாம், கிளியர் கோட் வெடித்த இடத்தில் அலுமினியத்தையே தின்றுவிடும். கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து மெழுகும் எண்ணெயும் இல்லாமல் ஆக்குங்கள்.

டயரை மறைக்க மாஸ்கிங் டேப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டு அளவுக்கு வெட்டி, டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் வட்டமாகச் செருகிவிடுங்கள். தடித்த அட்டை, அழகாக நிற்கும்.

டப்பாவை ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தூரத்தைவிடக் கொஞ்சம் கிட்டே, 15 சென்டிமீட்டரில் வைத்து அடியுங்கள். முதல் கோட் லேசான தூவல்தான், அடியில் சில்வர் தெரிய வேண்டும். அரை மணி இடைவெளி. அடுத்த கோட்டுகள் ஈரம் பளபளக்கும் அளவுக்கு, வழியாத அளவுக்கு. மொத்தம் ஐந்துக்குக் குறையக் கூடாது. இந்தப் பெயின்ட்டில் எல்லாமே தடிமன்தான். மெலிதாக அடித்தவன் உரிக்கும்போது நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பான், தடிமனாக அடித்தவனுக்கு ஒரே இழுப்பில் வரும். 15 இன்ச் வீலுக்கு ஒன்றுக்கு ஒரு டப்பா கணக்கு வையுங்கள். விளிம்புகளிலும் ஸ்போக்கின் பக்கவாட்டிலும்தான் பெயின்ட் ஏறாமல் போகும், அங்கே கோணம் மாற்றி மாற்றி அடியுங்கள்.

வெளியில், காற்றோட்டத்தில் செய்யுங்கள். அதில் டொலுவீன், நாப்தா மாதிரி கரைப்பான்கள் இருக்கின்றன. துணி முகமூடி ஆவியைத் தடுக்காது, கரித்தூள் வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் பக்கத்தில் ஆகாது. ஒருமுறை ஒரு வீட்டின் போர்டிகோவில் வேலையை ஆரம்பிக்கப் போகும்போதுதான் துளசி மாடத்தில் அகல் எரிவதைப் பார்த்தேன். அன்றைக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டோம்.

பனிச்சக்கரம், ஸ்கார்பரோ
ஜனவரி 20, காலை 6.40

டொராண்டோ பக்கம் இந்தப் பெயின்ட்டைக் குளிர்காலச் சக்கரங்களுக்கு நிறையப் பேர் அடிப்போம். கோடைக்கு ஒரு செட், பனிக்கு ஒரு செட் என்று சக்கரத்தையே மாற்றுவதால், பனிச் செட்டுக்குத் துருப்பிடித்த ஸ்டீல் ரிம் போதும் என்று வைத்திருப்போம். அதன் அலங்கோலத்தை மறைக்க இது வசதி. ஏழு பனிக்காலம் பார்த்தவன் என்ற முறையில் மூன்று விஷயம் சொல்கிறேன், அழகைவிட இவை பெரியவை.

வீல் நட் உட்காரும் குழியிலும், சக்கரத்தின் பின்பக்கம் ஹப்போடு (சக்கரம் மாட்டும் அச்சு முனை) ஒட்டும் முகத்திலும் ஒரு துளிப் பெயின்ட்கூடப் படக்கூடாது. நடுவில் ரப்பர் இருந்தால் இறுக்கியது போலத் தெரியும், ஓட ஓட ரப்பர் நசுங்கி நட் தளர்ந்துவிடும். நட் ஓட்டைகளில் காகிதத்தை உருட்டி அடைத்துவிட்டு அடியுங்கள். மாட்டிய பிறகு கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

அடுத்து, சக்கரம் நடுங்காமல் சுற்ற வைக்கும் பேலன்சிங் எடை. அலாயில் உள்பக்கம் ஒட்டுகிற ஈயக் கட்டி மாதிரி எடைகளை ரப்பர் பூச்சின் மேல் ஒட்டக் கூடாது. பூச்சோடு சேர்ந்து கழன்று போகும், ஸ்டீயரிங் நடுங்கும். அந்த இடத்தைப் பெயின்ட் இல்லாமல் விடுங்கள்.

மூன்றாவது, கல்பட்டுச் சின்னக் கிழிசல் விழுந்தால் விட்டுவிடாதீர்கள். இங்கே சாலையில் கொட்டுகிற உப்புக் கரைசல் அந்தக் கிழிசல் வழியே உள்ளே போய்த் தேங்கிவிடும். வெளியே பார்த்தால் சக்கரம் நன்றாக இருக்கும். ஒருமுறை அலாய் வீலுக்கு அடித்து, வசந்தத்தில் உரித்தபோது உள்ளே அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்திருந்தது. கோவையில் உப்பு இல்லை, ஆனாலும் தேங்குகிற தண்ணீர் தண்ணீர்தானே.

மேட்டுப்பாளையம்_ரோடு
ஜனவரி 27, இரவு 10.30

அடித்தாயிற்று. கன்மெட்டல் கிரே, நான்கு டப்பா. சக்கரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றி ஸ்டாண்டில் நிறுத்திச் செய்தேன். இரும்பு நீக்கி அடித்ததும் வீலிலிருந்து ஊதா நிறத்தில் ஒழுகியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். மூன்று முறை அடித்ததில் முக்கால்வாசிப் புள்ளிகள் போய்விட்டன.

மூன்று வீல் நன்றாக வந்தது. நான்காவதுக்கு மதியம் ஒன்றரை ஆகிவிட்டது, நிழல் நகர்ந்து வெயில் நேராக விழுந்தது. அவசரத்தில் அப்படியே அடித்துவிட்டேன். மேற்பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று காய்ந்திருக்கிறது, ஒரு ஸ்போக்கில் சிலந்தி நூல் போல இழை இழையாகக் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

வெள்ளைத்துணி
ஜனவரி 27, இரவு 10.50

வெயிலில் சூடான உலோகத்துக்கும் உங்கள் டப்பாவுக்கும் நடுவில், காற்றிலேயே துளி காய்ந்துவிட்டது. அதன் மேல் எத்தனை கோட் அடித்தாலும் சொரசொரப்பு மறையாது. நாளைக் காலை அந்த ஒன்றை மட்டும் உரித்துவிட்டு ஏழு மணிக்கெல்லாம் ஆரம்பியுங்கள். உரியாமல் துண்டு துண்டாகப் பிய்ந்தால் கத்தியை எடுக்காதீர்கள். அதன் மேலேயே இரண்டு கனமான கோட் அடித்துக் காயவிட்டால் புதுத் தோல் பழையதைப் பிடித்துக்கொள்ளும், சேர்ந்தே வந்துவிடும். கடைசிக் கோட்டுக்குப் பிறகு நான்கு மணி நேரமாவது வண்டியை எடுக்க வேண்டாம். ஒரு இரவு விட்டால் இன்னும் நல்லது. முதல் வாரம் கழுவவும் வேண்டாம்.

புதுவண்டி
ஜனவரி 28, மாலை 5.15

அண்ணா, சென்னையில் மழைக்காலத்தில் அடிக்கலாமா? என் மாமா வீட்டில் ஒரு செட் காத்துக்கிடக்கிறது.

வெள்ளைத்துணி
ஜனவரி 28, மாலை 5.40

ஐப்பசி, கார்த்திகையில் தொடாதீர்கள். காற்றில் ஈரம் அதிகமானால் பூச்சு வெளுத்து மூட்டமாகக் காயும். தை, மாசி காலை வேளைதான் நமக்கு நல்ல பருவம்.

மேட்டுப்பாளையம்_ரோடு
ஜூன் 22, இரவு 9.00

ஐந்து மாதமாகிறது, நிலவரம் சொல்கிறேன். உருகவில்லை. ஒரு தடவை மேகமூட்டத்தில் முன்னால் போன லாரியின் பின்னாலேயே கோத்தகிரியிலிருந்து முழு தூரமும் இறங்க வேண்டி வந்தது. கீழே வந்து பார்த்தேன், பேட் வாடை வந்தது, பூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு முன்சக்கரத்திலும் தூசி இப்போது ஒரே அளவு. வாரம் ஒருமுறை ஷாம்பூ தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும், பத்து நிமிடத்தில் முடிகிறது. எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், அதனால் உடனே துணியால் துடைக்காவிட்டால் கிரே மேல் வெள்ளைத் திட்டு விழுகிறது.

ஒரு நஷ்டமும் உண்டு. மே மாதம் வெளியூரில் ஒரு வாட்டர் வாஷ் கடையில் விட்டேன். கழுவி முடித்து அடிப்பாகத்துக்கு டீசல் அடிக்கிற வழக்கம் அங்கே. நான் டீ குடிக்கப் போயிருந்தேன். டீசல் பின்சக்கரம் ஒன்றின் மேலும் பட்டு வழிந்திருக்கிறது. அடுத்த நாள் அந்த இடத்தில் பூச்சு பசை மாதிரி இளகி, விரல் வைத்தால் பதிகிறது. கழுவிக் காயவிட்டும் பழைய நிலைக்கு வரவில்லை. அந்தச் சக்கரத்தை உரித்துவிட்டு மறுபடி அடித்தேன். இந்தப் பெயின்ட் அடித்தவர்கள் கழுவ விடும்போது டீசலும் மண்ணெண்ணெயும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெட்ரோல் போடும் இடத்திலும் பின்சக்கரத்தில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத்துணி
ஜூன் 22, இரவு 9.35

இதை நான்தான் ஜனவரியிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும். பெட்ரோலிய எண்ணெய் எது பட்டாலும் இந்த ரப்பர் இளகும். எண்ணெய் சேர்ந்த டயர் பாலிஷும் அதே ஜாதிதான், அதையும் ரிம்மில் படாமல் துணியில் எடுத்து டயருக்கு மட்டும் தடவுங்கள். பிரஷர் வாட்டர் அடிக்கும்போது நாசிலை விளிம்புக்கு நேராகக் காட்டாமல் இரண்டடி தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையம்_ரோடு
ஜனவரி 16, மாலை 4.20

ஒரு வருடம் முடிந்தது. முன்டயர் இரண்டும் மாற்ற வேண்டியிருந்தது. டயர் கழற்றும் இயந்திரத்தில் ரிம் விளிம்பில் பூச்சு எப்படியும் கிழியும் என்பதால், பொங்கல் விடுமுறையில் முன்னதாகவே உரித்துப் பார்த்தேன்.

வலப்பக்கம் ஓரத்தில் நகத்தால் கிளப்பி இழுத்ததும் ஒரு ஸ்போக் முழுவதும் உறையாகக் கழன்று வந்தது. அடியில் சில்வர், போன ஜனவரியில் மூடினபடியே. மொத்தம் பதினைந்து நிமிடம்தான். இடப்பக்கத்தில் ஒரு ஸ்போக்கின் உள்மூலையில் பூச்சு மெலிந்திருக்கிறது, அங்கே மட்டும் தூசி உள்ளே இறங்கிப் பட்டாணி அளவுக்குத் துருப் புள்ளி இருந்தது. இரும்பு நீக்கி இரண்டு முறை அடித்தேன், நிழல் மாதிரி ஒரு தடம் மிச்சமிருக்கிறது. நட் குழிகள் சுத்தம். பேலன்சிங் எடை எதுவும் நகரவில்லை.

சக்கரம் கழன்றிருக்கும்போதே பேடையும் அளந்தேன். இடது உள்பேட் 8, வெளிப்பேட் 8. வலதும் 8. காலிப்பர் பின்கள் இரண்டும் விரலால் தள்ளினாலே வழுக்குகின்றன.

புது டயர் வந்ததும் மறுபடி அதே கிரேதான் அடிக்கப் போகிறேன். டப்பா வாங்கி வைத்துவிட்டேன். இந்த முறை காலை ஆறரைக்கே ஆரம்பம்.

பிரேக்_பட்டறை
ஜனவரி 16, மாலை 5.05

நான்கும் 8. இதைப் படிக்கத்தான் ஒரு வருடம் காத்திருந்தேன், தம்பி. டயர் மாட்டினதும் நூறு கிலோமீட்டரில் நட்டை மறுபடி பாருங்கள்.